‘வரலாற்றில் இன்று’ பலகையில் எந்தத் தேதியை எழுதுவது?

ஆரம்பாக்கம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கும் டீச்சர் கேட்டிருக்கும் கேள்வி இது. காலை வழிபாட்டில் தினமும் ஒரு பிள்ளை ‘வரலாற்றில் இன்று’ சொல்ல வேண்டும், பலகையிலும் எழுத வேண்டும். ஸ்ரீஹரிகோட்டா பக்கத்திலேயே இருப்பதால் விண்வெளிச் செய்தி கட்டாயம், உலக வரலாறும் கொஞ்சம் வேண்டும். ஆனால் வாட்ஸ்ஆப்பில் வரும் பட்டியல்கள் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லை, நிலவில் மனிதன் கால் வைத்த நாள் ஒன்றில் ஜூலை 20, இன்னொன்றில் 21. எதை எழுதுவது, தினமும் ஏதாவது கிடைக்குமா, தோல்விகளைச் சொல்லலாமா, வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகளும் சரிபாதி இருக்கும் பள்ளியில் நவம்பர் 1 வந்தால் என்ன செய்வது? சூலூர்பேட்டையில் இதே மாதிரி ஒரு பலகைக்கு நெடுநாளாக எழுதிப் போடுகிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டீச்சர், ஜூலை 20, 21 இரண்டுமே சரி. அப்பல்லோ 11-இன் ஈகிள் கலம் நிலவில் இறங்கியது உலகப் பொது நேரப்படி, அதாவது யூடிசி கணக்கில், 1969 ஜூலை 20 இரவு 8:17. அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நமக்கு 21-ஆம் தேதி அதிகாலை 1:47. ஆம்ஸ்ட்ராங் ஏணியில் இறங்கிக் கால் வைத்தது அதற்குப் பிறகு ஆறரை மணி நேரம் கழித்து. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அப்போதும் 20-ஆம் தேதிதான், ராத்திரி 10:56. நமக்கோ 21-ஆம் தேதி திங்கட்கிழமை காலை 8:26. பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பும் நேரம். அன்றைக்கு டிவி டெல்லியில் மட்டும்தான், நம் பக்கத்தில் ரேடியோவும் மறுநாள் பேப்பரும்தான் கதி. “ஜூலை 20, நிலவில் மனிதன்” என்று ஒரு வரியில் முடிப்பதைவிட, “இந்தக் கட்டடத்தில் காலை மணி அடிக்கப்போகும் நேரத்தில் அங்கே ஒருத்தர் கால் வைத்தார்” என்று சொல்லிப் பாருங்கள், கடைசி வரிசைப் பையனும் நிமிர்ந்து பார்ப்பான்.

நான் வைத்திருக்கும் வழக்கம் ஒன்றுதான். பூமியில் நடந்தது என்றால் நடந்த ஊரின் தேதி. விண்வெளியில் நடந்தது என்றால் யூடிசி தேதி, பக்கத்திலேயே இந்திய நேரம். இதைப் பலகையின் மூலையில் நிரந்தரமாக எழுதி வைத்துவிடுங்கள், பாதிச் சண்டை தீர்ந்துவிடும். முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்க 1957 அக்டோபர் 4 என்கிறது, மாஸ்கோவில் அப்போது இரவு 10:28. ராக்கெட் கிளம்பிய பைக்கோனூரிலேயே உள்ளூர்க் கணக்குப்படி நள்ளிரவு தாண்டி 5-ஆம் தேதி பிறந்துவிட்டது, நமக்கும் 5-ஆம் தேதி, 12:58. சோவியத்காரர்கள் மாஸ்கோ நேரத்தில் அறிவித்தார்கள், யூடிசியிலும் 4-ஆம் தேதிதான், அதனால் 4 நிலைத்துவிட்டது. விண்வெளிக்குப் போன முதல் மனிதர் ககாரின் விஷயத்தில் இந்தத் தொல்லை கிடையாது. 1961 ஏப்ரல் 12, நம் நேரத்துக்கு 11:37-க்குக் கிளம்பினார், பூமியை ஒரு சுற்றுச் சுற்றி 108 நிமிடத்தில், 1:25-க்குத் தரையில். பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டோடு உட்காருவதற்குள் ஆள் போய்வந்துவிட்டார்! கலத்தோடு இறங்கவில்லை, கடைசியில் வெளியே வந்து தனி பாராசூட்டில் குதித்தார், அதைச் சோவியத் அரசு பல வருடம் மறைத்து வைத்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பூமியில் நடந்த சங்கதிகளும் இந்தக் குழப்பத்துக்குத் தப்பவில்லை. ஐரோப்பாவில் இரண்டாம் உலகப்போர் முடிந்த நாளை மேற்கே மே 8 என்று கொண்டாடுகிறார்கள், ரஷ்யாவில் மே 9. ஜெர்மனியின் சரணாகதி அமலுக்கு வந்தது 1945 மே 8 இரவு 11:01, அந்த நேரத்துக்கு மாஸ்கோவில் தேதி மாறிவிட்டது. பேர்ல் துறைமுகத் தாக்குதல் அமெரிக்கர்களுக்கு 1941 டிசம்பர் 7, குண்டு போட்ட ஜப்பானியர்களுக்கு டிசம்பர் 8.

இந்தக் கடிகாரச் சிக்கலாவது ஒரு நாளோடு போகும். நாட்காட்டிச் சிக்கல் வந்தால் பத்து, பதினொரு நாள் அடித்துக்கொண்டு போய்விடும், இதற்கு உதாரணம் தேட லண்டனுக்குப் போக வேண்டாம், நம் பழவேற்காடு ஏரியே போதும். 1600-களில் ஏரியின் தென்முனையில், பழவேற்காட்டில், டச்சுக்காரர்கள். 1613-இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை அவர்களுடையது. ஏரிக்கு வடக்கே, இன்றைக்கு துகராஜபட்டினம் என்கிற ஊரில் ஆங்கிலேயர்கள் கொஞ்ச காலம் ஒரு பண்டகசாலை வைத்திருந்தார்கள், அவர்கள் எழுத்தில் அதன் பெயர் ஆர்மகான். நடுவில் இருக்கிற தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. டச்சுக் கம்பெனி போப் கிரிகோரி 1582-இல் திருத்திய புதிய நாட்காட்டியில் கணக்கு எழுதியது. ஆங்கிலேயர்களோ போப் சொன்னதை நாங்கள் ஏன் கேட்க வேண்டும் என்று 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியிலேயே இருந்தார்கள். ஆக, ஒரே ஏரி, ஒரே சூரிய உதயம், தெற்கே ஒருவர் கடிதத்தில் 20-ஆம் தேதி போடும்போது வடக்கே இன்னொருவர் 10-ஆம் தேதி போட்டுக்கொண்டிருந்தார். பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டம் உங்கள் பிள்ளைகளில் சிலர் பார்த்திருப்பார்கள், வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருக்குமே, அதுதான். அடுத்த முறை போனால் கல்லில் வெட்டியிருக்கும் தேதிகளைக் குறித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். ‘வரலாற்றில் இன்று’ பலகைக்கு அதைவிட நல்ல சரக்கு வாட்ஸ்ஆப்பில் வராது.

சென்னை தினத்துக்கும் இதே கதைதான். 1639 ஆகஸ்ட் 22 என்று கொண்டாடுகிறோம். நிலத்தை வாங்கிய பிரான்சிஸ் டே இந்த ஆர்மகானில் இருந்துதான் இடம் தேடித் தெற்கே வந்தவர். சாசனத்தின் பிரதிகளில் ஜூலை 22 என்று இருக்கிறது, ஆனால் டே மதராசப்பட்டினம் வந்து சேர்ந்ததே ஜூலை 27 என்பதால் ஆகஸ்டாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். அதுவும் பழைய நாட்காட்டி. இன்றைய கணக்குக்கு மாற்றினால் செப்டம்பர் 1 வரும். அதற்காக யாரும் கேக்கைத் தள்ளி வைக்கப்போவதில்லை, ஆகஸ்ட் 22 என்றே எழுதுங்கள், ஆனால் எட்டாம் வகுப்புக்கு மேல் இந்தக் கதையைச் சொல்லாமல் விடாதீர்கள். ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி நவம்பர் 7-இல் வருவது ஏன் என்று பிள்ளைகள் கேட்டால் பதில் இதேதான். கலிலியோ இறந்த வருடமே நியூட்டன் பிறந்தார் என்று ஒரு செய்தி சுற்றுமே, அதுவும் இந்தக் கோளாறில் பிறந்ததுதான். கலிலியோ இறந்தது புதிய நாட்காட்டிப்படி 1642 ஜனவரி 8, நியூட்டன் பிறந்த 1642 டிசம்பர் 25 பழைய நாட்காட்டி. இரண்டையும் ஒரே நாட்காட்டியில் வைத்தால் நியூட்டன் 1643 ஜனவரி 4-க்குப் போய்விடுவார்.

நம் பிள்ளைகளுக்கு இது புரியாது என்று நினைக்காதீர்கள், டீச்சர். வகுப்பில் ஒருத்தி வீட்டில் உகாதியன்று வருடம் பிறக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் வீட்டில் சித்திரை 1. தாத்தாவுக்குத் திவசம் இங்கிலீஷ் தேதியில் கொடுப்பதில்லை, திதி பார்த்துத்தான் கொடுக்கிறார்கள், அது வருடா வருடம் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரே நாளுக்கு இரண்டு மூன்று பெயர் உண்டு என்பது எல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பால்குடியிலேயே தெரிந்த விஷயம்.

அடுத்தது, ஒரு பயணத்துக்கு எந்த நாளை எடுப்பது. கிளம்பிய நாளா, போய்ச் சேர்ந்த நாளா, உலகத்துக்குச் சொன்ன நாளா? சந்திரயான்-1 கிளம்பியது 2008 அக்டோபர் 22. அது வீசிய மோதுகலம் நம் கொடியைத் தாங்கிக்கொண்டு நிலவில் விழுந்தது நவம்பர் 14, குழந்தைகள் தினம். பள்ளிக்கு எது பொருத்தம் என்று நான் சொல்லவே வேண்டாம். புளூட்டோவை டாம்பா கண்டுபிடித்தது 1930 பிப்ரவரி 18. ஆனால் வானாய்வகத்தார் வாயை மூடிக்கொண்டு மார்ச் 13 வரை காத்திருந்து அறிவித்தார்கள், காரணம் அது அந்த வானாய்வகத்தை நிறுவிய லோவெலின் பிறந்தநாள், யுரேனஸை ஹெர்ஷல் கண்டதும் 1781-இல் அதே மார்ச் 13. இப்படி நாள் பார்த்துச் செய்வது நம்மிடமும் உண்டு. அரசியலமைப்பை 1949 நவம்பர் 26-இலேயே ஏற்றுக்கொண்டாயிற்று, முழு விடுதலை நாளாகக் காங்கிரஸ் 1930-இல் கொண்டாடிய ஜனவரி 26-க்காகக் காத்திருந்து குடியரசு ஆனோம். அமெரிக்காவின் முதல் விண்வெளி ஓடம் கிளம்பியதும் ஏப்ரல் 12 தான், 1981, ககாரினுக்குச் சரியாக 20 வருடம் கழித்து. இதை வேண்டுமென்றே செய்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள். 10-ஆம் தேதியே கிளம்ப வேண்டியது, கணினிகளின் நேரம் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் இரண்டு நாள் தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

பல விண்வெளித் தேதிகளை மனிதர்கள் தேர்ந்தெடுப்பதே இல்லை, வானம் தேர்ந்தெடுக்கிறது. பிள்ளைகளுக்கு இதை நன்றாக விளக்க வேண்டும். சந்திரயான்-3 ஏன் 2023 ஆகஸ்ட் 23 மாலை 6:04-க்கு இறங்கியது? இறங்கும் இடத்தில் அப்போதுதான் சூரியன் உதித்திருந்தது. தரையிறங்கிய விக்ரம் கலமும் அதிலிருந்து இறங்கி ஓடிய பிரக்யான் வண்டியும் சூரியத் தகட்டில் இயங்குபவை, நிலவில் ஒரு பகல் என்பது நம் கணக்கில் சுமார் 14 நாள், விடிந்ததும் இறங்கினால்தான் முழுப் பகலும் வேலை செய்ய முடியும். செவ்வாய்க்குப் போகிறவர்களுக்கு 26 மாதத்துக்கு ஒரு முறைதான் வழி திறக்கும். அதனால்தான் 2020 ஜூலையில் அமீரகம், சீனா, அமெரிக்கா மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின, 2021 பிப்ரவரியில் மூன்றும் போய்ச் சேர்ந்தன. வியாழனையும் அதற்கு அப்பாலும் பார்க்கப் போன இரண்டு வாயேஜர் கலங்களில் வாயேஜர் 2 தான் முதலில் போனது, 1977 ஆகஸ்ட் 20, வாயேஜர் 1 செப்டம்பர் 5. பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். பின்னால் கிளம்பியது குறுக்கு வழியில் போய் வியாழனை முதலில் எட்டியது என்பதால் அதற்கு 1.

இன்னொரு நுணுக்கமும் உண்டு, அதை ஸ்ரீஹரிகோட்டா பக்கத்துப் பிள்ளைகளைவிட யாருக்கும் எளிதாகச் சொல்லிவிட முடியாது. ராக்கெட் விடுகிற நாளில் அவர்கள் மாடியில் நின்று பார்த்திருப்பார்கள். முதலில் வெளிச்சம். மரத்துக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு எழும்பி, வளைந்து, மேகத்துக்குள் போகும், ஒரு சத்தமும் இருக்காது, பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைக்காது. எல்லோரும் செல்போனை இறக்கிவிட்டுப் படியிறங்கப் போகும்போதுதான் அந்த உறுமல் வரும், ஜன்னல் கண்ணாடியும் அலமாரியில் அடுக்கிய டம்ளரும் கிணுகிணுக்கும். ஒலி ஒரு கிலோமீட்டர் வர சுமார் 3 வினாடி, சூலூர்பேட்டைக்கு வந்து சேர ஒரு நிமிடத்தை ஒட்டி ஆகும், ஆரம்பாக்கத்துக்கு அதற்கும் மேலே. செவ்வாயில் இருந்து வரும் ரேடியோ செய்தியும் இப்படித்தான் தாமதமாக வருகிறது. கியூரியாசிட்டி வண்டி இறங்கியது 2012 ஆகஸ்ட் 6, யூடிசி 5:17. இறங்கிவிட்டது என்று பூமிக்குத் தெரிந்தது அதற்கு 14 நிமிடம் கழித்து, அப்போது கட்டுப்பாட்டு அறை இருந்த கலிபோர்னியாவில் 5-ஆம் தேதி ராத்திரி. நமக்கு 6-ஆம் தேதி காலை 11 மணி. 1987 பிப்ரவரியில் தெற்கு வானத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்ததைப் பார்த்தார்களே, அந்த வெளிச்சம் கிளம்பி 1,60,000 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அதற்கு எந்தத் தேதி போடுவது? பார்த்த தேதிதான், வேறு வழியில்லை.

சரி, 365 நாளுக்கும் கிடைக்குமா? கிடைக்கும், ஆனால் வேண்டாம். தினமும் ஏதாவது போட்டே ஆக வேண்டும் என்று கிளம்பினால் யாரோ ஒரு சினிமாக்காரர் பிறந்தநாளும், எங்கோ ஒரு கம்பெனி தொடங்கிய நாளும் வந்து உட்காரும். வாரத்துக்கு மூன்று நல்ல செய்தி போதும், மீதி நாளில் முந்தைய நாளின் செய்தியைத் தொடர்ந்து பேசலாம். அக்டோபரில் உங்களுக்குத் திண்டாட்டமே இருக்காது. 4-இல் இருந்து 10 வரை உலக விண்வெளி வாரம், தொடக்கம் ஸ்புட்னிக், முடிவு 1967-இல் விண்வெளி உடன்படிக்கை அமலுக்கு வந்த நாள். அதற்கு நடுவில் 9-ஆம் தேதி நம் சொந்தச் சரக்கு, 1971-இல் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து முதல் ராக்கெட் கிளம்பியது அன்றுதான், ரோகிணி-125 என்ற சின்ன ஆய்வு ராக்கெட். 15-ஆம் தேதி கலாமின் பிறந்தநாள், நம் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் முதல் முறை வெற்றி கண்டதும் 1994-இல் அதே தேதி.

பட்டியல்களில் அடிக்கடி வரும் தவறுகளில் இரண்டை மட்டும் சொல்லி வைக்கிறேன். நம் முதல் செயற்கைக்கோள் ஆர்யபட்டா ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து போகவில்லை, 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் நாட்டின் கபூஸ்தின் யாரில் இருந்து அவர்கள் ராக்கெட்டில் போனது. கேரளத்தின் தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று விட்ட முதல் ராக்கெட் நாம் செய்ததும் கிடையாது, அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி. இதைச் சொன்னால் நாட்டுப்பற்று குறைந்துவிடும் என்று பயப்படுகிறவர்களோடு நான் வாதாடுவதில்லை. கடன் வாங்கிய ராக்கெட்டில் தொடங்கினோம் என்று சொன்னால்தானே அப்புறம் 1980-இல் நம் ராக்கெட்டிலேயே செயற்கைக்கோளை அனுப்பியது ஏன் பெரிது என்று புரியும்?

தோல்விகளைச் சொல்லலாமா என்றால், கட்டாயம் சொல்ல வேண்டும், அதிலும் இந்த ஊர்ப் பக்கத்தில். 1979 ஆகஸ்ட் 10, செயற்கைக்கோளைச் சுமக்க நாமே செய்த எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் முதல் முயற்சி, இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு வால்வில் கசிவு, ஐந்து நிமிடம் சொச்சத்தில் வங்கக் கடலில் விழுந்தது. பத்திரிகைக்காரர்கள் முன்னால் பொறுப்பை ஏற்றது இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். அடுத்த வருடம் ஜூலை 18 அன்று 35 கிலோ ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போனபோது பேசச் சொல்லித் திட்ட இயக்குநர் கலாமை முன்னால் அனுப்பினார். 1993 செப்டம்பர் 20, பி.எஸ்.எல்.வி-யின் முதல் முயற்சியும் கடலில்தான். 2019 ஜூலை 15 அதிகாலை சந்திரயான்-2 கிளம்ப 56 நிமிடம் இருக்கும்போது நிறுத்தினார்கள், குடியரசுத் தலைவரே வந்திருந்தார், ஊர் முழுக்கத் தூங்காமல் மாடியில் இருந்தது. ஒரு வாரத்தில் கோளாறைச் சரிசெய்து 22-ஆம் தேதி அனுப்பினார்கள், பிறகு செப்டம்பர் 7 அதிகாலை தரையில் இறங்கும்போது தொடர்பு அறுந்தது. 2025 ஜனவரி 29, ஸ்ரீஹரிகோட்டாவின் 100-ஆவது ஏவுதல், அதற்கு அடுத்தது மே 18, பி.எஸ்.எல்.வி. மூன்றாம் கட்டத்தில் அழுத்தம் இறங்கித் தோல்வி. உயிர் போன நாட்களைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஜனவரி 27 அப்பல்லோ 1 தீ விபத்து, 28 சேலஞ்சர் விண்வெளி ஓடம், பிப்ரவரி 1 கல்பனா சாவ்லா போன கொலம்பியா, மூன்றும் ஒரே வாரத்தில் வரும். மூன்றையும் அடுத்தடுத்து வாசிக்காமல், குளிரில் இறுகிப்போன ஒரு ரப்பர் வளையம் சேலஞ்சரை எப்படி வீழ்த்தியது என்று ஒரு நாள் உட்கார்ந்து பேசுங்கள்.

கடைசியாக நவம்பர் 1. இதில் ஒளிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை. 1953 அக்டோபர் 1 வரைக்கும் நெல்லூர் மாவட்டம் மொத்தமும், அதாவது சூலூர்பேட்டையும் தடாவும், மதராஸ் மாநிலம்தான். ஆந்திரா தனி மாநிலம் கேட்டு உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15 அன்று உயிர்விட்டது மயிலாப்பூரில். மாநிலங்களை மொழிவாரியாகத் திருத்தியது 1956 நவம்பர் 1, ஆந்திரப் பிரதேசம் உருவானது அன்று, கன்னியாகுமரி நம்மோடு சேர்ந்ததும் அன்றே. ஆகவே அந்த நாளில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள், ஒரு பிள்ளை தமிழில் சொல்லட்டும், இன்னொன்று தெலுங்கில். தமிழ்நாடு நாளுக்கு இப்போது ஜூலை 18 என்று ஆகிவிட்டது, 1967-இல் பெயர் மாற்றத் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறிய நாள். மேலே சொன்ன ரோகிணி செயற்கைக்கோளும் அதே ஜூலை 18 என்பதால் அன்றைக்குப் பலகையில் இடம் பத்தாது, சாக்பீஸ் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ம.பொ.சி. போன்றவர்கள் போராடித் திருத்தணி தமிழ்நாட்டுக்கும், பதிலுக்குச் சத்தியவேடு பக்கம் ஆந்திராவுக்கும் போன எல்லைத் திருத்தம் அமலுக்கு வந்தது 1960 ஏப்ரல் 1. அந்தத் தேதியைக் கேட்டதும் பிள்ளைகள் ஏமாற்றுகிறீர்கள் என்றுதான் நினைப்பார்கள், அதனால் அன்று மட்டும் மாநில வரைபடம் ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.